யாரோ தண்ணீர் விட்ட மரங்கள்

அன்சூரத்துக்கு எங்கள் ஊரில் நல்ல பெயர் கிடையாது. வாய் நீளம். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பாள். ஒரு பிடி உலர்ந்த திராட்சையாவது போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. யாராவது நலம் விசாரித்தால் பதிலுக்கு விசாரிக்க மாட்டாள். துன்பப்பட்டவர்கள் துன்பத்தாலேயே உயர்ந்துவிடுகிறார்கள் என்று நம்ப எனக்கும் ஆசைதான். நான் பார்த்தவரையில் அப்படி நடப்பதில்லை. துன்பம் மனிதர்களை முன்பிருந்தபடியே விட்டுவிட்டுப் போகிறது, கொஞ்சம் களைப்பைச் சேர்த்து. மணமகளாக எங்கள் ஊருக்கு வந்த நாளிலும் அவள் இப்படித்தான் இருந்தாள்.

ஆனாலும் அவளைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தின் கூரை அவளிடமிருந்து வந்தது. வந்த விதத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அவள் கணவன் நுஸ்ரத் பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டினான். மலைக்காரர்கள் அவர்கள்; நாங்கள் குலோப் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இரண்டு கூட்டத்தையும் ஆப்கன் எல்லைக்கு வடக்கே வக்ஷ் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து பருத்திக்காகக் குடியேற்றியது ஒரே அரசுதான். எங்கள் அப்பாக்கள் ஒரே வாய்க்காலை வெட்டினார்கள், ஒரே வாய்க்காலில் சண்டை போட்டார்கள். அதற்குமேல் பகை என்று எதுவும் எனக்கு நினைவில்லை. எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

நுஸ்ரத்துக்கும் அன்சூரத்துக்கும் பிறந்த பிள்ளைகளில் ஒருவன்தான் தங்கினான். வசந்தத்தின் முதல் நாளில் பிறந்ததால் நவ்ரூஸ் என்று பெயர் வைத்தார்கள். நாற்பது நாள் கழிவதற்குள் நுஸ்ரத் கொல்லையில் வாய்க்கால் ஓரம் பாப்லர் என்கிற நெட்டை மரத்தின் குச்சிகளில் முப்பதை நட்டான். இருபத்தேழு பிழைத்தன. ஆண்பிள்ளை பிறந்தால் எங்களில் எல்லோரும் செய்வதுதான் இது. பையன் வளர வளர மரம் வளரும். அவன் கல்யாணத்துக்கு நிற்கும்போது மரம் உத்தரத்துக்கு நிற்கும். முதல் வெட்டு மாப்பிள்ளையுடையது. அவன் கோடரியை எடுக்கும்வரை வேறு யாரும் அந்த மரங்களைத் தொடமாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். ஒருவனுடைய மகன் மரத்தைக் கேட்பது, உன் மகன் செத்துப்போகட்டும் என்று சொல்வதற்குச் சமம்.

நவ்ரூஸ் என்னிடம் ஏழு வருடம் படித்தான். கணக்கு வராது. கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். சொல்லிக்கொள்ளும்படி வேறு எதுவும் அவனிடம் இல்லை. பதினெட்டு வயதில் யாரிடம்தான் இருக்கும்?

தொண்ணூற்றிரண்டாம் வருடம் உள்நாட்டுப் போர் மூண்டது; டிசம்பரில் எங்கள் ஆட்கள் மலைக்காரர்களின் வீடுகளைக் கொளுத்திக்கொண்டே வந்தார்கள். மலைக்காரர்கள் விடியற்காலையில் டிராக்டர் வண்டிகளில் ஏறி தெற்கே பஞ்ஜ் ஆற்றை நோக்கிப் போனார்கள். அன்சூரத்தின் வண்டி பருத்திக் கிடங்கைத் தாண்டும்போது நவ்ரூஸ் கீழே குதித்தான். மாட்டை அவிழ்க்காமல் வந்துவிட்டோம், கொட்டிலோடு எரிந்துவிடும், அவிழ்த்துவிட்டு ஓடிவந்துவிடுகிறேன் என்றான். வண்டி மெதுவாகத்தான் போனது. ஆனாலும் அவன் வந்து சேரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆப்கன் முகாமில் இரண்டாவது குளிர்காலத்தில் நுஸ்ரத் காய்ச்சலில் இறந்தான்.

நான் அன்றைக்கு எங்கே இருந்தேன் என்று கேட்கலாம். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு புத்தகம்கூட இருந்தது. அதில் ஒரு வரி படித்திருக்கமாட்டேன்.

தொண்ணூற்றைந்து மே மாதம் அன்சூரத் தனியாகத் திரும்பி வந்தாள். வீடு இருந்த இடத்தில் மழையில் கரைந்த மண்சுவர்கள் இடுப்புயரத்துக்கு நின்றன. கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாம் போயிருந்தன. வாதுமை மரங்களைக்கூட விறகுக்கு வெட்டியிருந்தார்கள். பாப்லர்கள் மட்டும் இருபத்தேழும் அப்படியே நின்றன.

மறுநாள் பக்கத்து வீட்டு ஷாதி ஒரு கதவை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். அவளுடைய நீலக் கதவு. நாற்பது வயது ஆள், ஆட்டு மந்தை வைத்திருப்பவன், எங்கள் குலோப் பக்கத்தான்தான். கதவை இறக்கி அவள் இடிந்த சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினான்.

"எடுத்து வச்சிருந்தேன் அக்கா."

அன்சூரத் கதவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"கதவு வந்துடுச்சு. சுவரு எங்க? அதையும் எடுத்து வச்சிருக்கியா?"

ஷாதி வாயைத் திறந்தான், மூடினான், போய்விட்டான். திருடினவன் புண்ணியவான் ஆகிவிட்டான் என்று ஊரில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அகதிகளுக்கான வெளிநாட்டு உதவி அலுவலகம் மே மாதத்திலிருந்தே திரும்பி வந்தவர்களுக்கு ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று உத்தரமும் தகடும் கொடுத்தது. சுவரை நீ எழுப்பு, கூரையை நாங்கள் தருகிறோம் என்பது அவர்கள் கணக்கு. சுவருக்கு ஹஷர் கூப்பிட்டோம். கூலி இல்லாமல் ஊரே கூடி ஒரு வீட்டு வேலையைச் செய்வதற்குத்தான் அந்தப் பெயர். கூப்பிட்டவர் சோறு போடவேண்டும், கூப்பிடப்பட்டவர் வராமலிருக்கக் கூடாது. கொளுத்தினவர்களில் சிலரும் வந்தார்கள். கூப்பிட்டுவிட்டார்களே, வேறென்ன செய்வது? முதல் வாரம் மலைக்காரர்கள் தங்கள் தேநீர்க் கிண்ணத்தைத் தாங்களே கொண்டுவந்து, குடித்துவிட்டுத் தாங்களே கொண்டுபோனார்கள். மூன்றாவது வாரம் எந்தக் கிண்ணம் யாருடையது என்று தெரியாமல் கலந்துவிட்டது. சமாதானம் என்று ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது என்றால் அந்த அளவுக்குத்தான் வந்தது.

அன்சூரத் வீட்டு ஹஷரில் ஷாதி முழங்கால் மண்ணில் நின்று வைக்கோலும் சேறும் மிதித்துக்கொண்டிருந்தான். அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"என்ன ஷாதி, கொளுத்த வந்தப்பவும் இந்தக் காலு இவ்வளவு மெதுவாத்தான் நடந்துச்சா?"

சுற்றியிருந்தவர்களின் கை நின்றுவிட்டது. ஷாதி மிதிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப மண்ணு காஞ்சிருந்துச்சு அக்கா."

ஸரீஃப் கொத்தனார்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு அன்சூரத்தும் சிரித்தாள். திரும்பி வந்தபின் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

அந்தக் கோடையில் ஒரு நாள் அவள் ஷாதியிடம் கேட்டாளாம்: "இந்த மரத்துக்கெல்லாம் யாரு தண்ணி விட்டா?"

"தெரியாதே அக்கா. வாய்க்கா தண்ணி தானாப் போயிருக்கும்."

அது பொய் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. எங்கள் வாய்க்காலிலிருந்து அந்த மரங்களுக்குத் தண்ணீர் தானாகப் போகாது. மண்வெட்டியால் மடையைத் திறந்துவிட வேண்டும், முடிந்ததும் அடைக்க வேண்டும். ஆள் இல்லாத கோடையில் பாப்லர் ஒரு வருடம் தாங்கும், இரண்டு வருடம் தாங்காது. யாரோ இரண்டு கோடைகள் வந்து மடை திறந்திருக்கிறார்கள். ஓடையைத் தூர்வாரி வைத்திருக்கிறார்கள். ஷாதிக்கு அது யாரென்று தெரியும், சொல்ல மறுக்கிறான்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். இந்த மரத்துக்குத் தேடி வந்து தண்ணீர் விடுவது யார்? மரத்துக்கு உரிய நவ்ரூஸ்தான். அவன் ஏன் வெளியே வரவில்லை? பயம். ஷாதி ஏன் பொய் சொல்கிறான்? அவனை மறைத்து வைத்திருக்கிறான், அல்லது மறைந்திருக்கும் இடம் அவனுக்குத் தெரியும்.

அவள் வீட்டோடு சேர்த்து மூன்று வீடுகளுக்கு ஒரே ரொட்டி அடுப்புதான் கட்ட முடிந்தது. முறை போட்டுக்கொண்டார்கள். அவளுக்கு வியாழக்கிழமை விழுந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி ஷாதியின் வாசலுக்குக் கொண்டுபோவாள்.

"சேர வேண்டிய இடத்துல சேத்துடு," என்பாள்.

ஷாதி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வான். தலை குனிந்திருக்கும். ஒரு வருடத்துக்கும் மேல் இது நடந்தது. கதவுக்கு நன்றி சொல்கிறாள் என்று ஊர் நினைத்தது. யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவள் என்பதை ஊர் அப்போது மறந்துவிட்டது.

பள்ளிக்கூடம் தொண்ணூற்றிரண்டிலேயே எரிந்துவிட்டிருந்தது. நான்கு வருடமாகப் பிள்ளைகளைப் பருத்திக் கிடங்கில் உட்காரவைத்துப் பாடம் சொன்னேன். குளிர்காலத்தில் பேனா மை உறைந்துவிடும். தொண்ணூற்றாறில் உதவி அலுவலகம் பள்ளிக்கூடத்துக்கு ஒப்புக்கொண்டது. கூரைத் தகடும் கண்ணாடியும் ஆணியும் அவர்கள் தருவார்கள். சுவரும் உத்தரமும் ஊர்ப் பங்கு. நவம்பர் முதல் தேதிக்குள் உத்தரம் ஏறவில்லை என்றால் தகடுகள் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

சுவரை ஹஷரில் எழுப்பினோம். இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து செய்த முதல் பொது வேலை அது. செப்டம்பர் கடைசியில் மூன்று அறைகளுக்குச் சுவர் நின்றது. உத்தரத்துக்கு மரம் இல்லை. அகலமான அறைகள், ஆறு மீட்டர் நீளத்தில் நேரான மரம் இருபத்துநான்கு வேண்டும். சந்தையில் வாங்க எங்களால் முடியாது. போர்க் குளிர்காலங்களில் ஊரிலிருந்த மரங்களை எல்லாம் எரித்துக் குளிர் காய்ந்துவிட்டோம். ஒரே ஒரு கொல்லையில் மட்டும் மிச்சமிருந்தது.

ஊர்க்குழுத் தலைவரை நாங்கள் ரயீஸ் என்று கூப்பிடுவோம். ரயீஸும் ஸரீஃப் கொத்தனாரும் நானும் சுவருக்கடியில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அன்சூரத் கொல்லையின் பக்கம் யாரும் திரும்பவில்லை. திரும்பாமலே மூன்று பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மழை வந்தா சுவரு கரைஞ்சிடும்," என்றார் ஸரீஃப்.

"தெரியும்," என்றார் ரயீஸ்.

"பாப்லருக்கு இருபத்தஞ்சு வருஷம்தான். அதுக்கு மேல நின்னா நடுவுல மக்கிடும். நான் சும்மா பொதுவாச் சொல்றேன்."

"பொதுவாவும் சொல்லாதய்யா. வாயில மண்ணைப் போட்டுக்க."

"வாத்தியாரு போய்ப் பேசலாம். அந்தப் பையன் அவருகிட்டத்தானே படிச்சான்."

நான் போனேன். கேட்கப் போகவில்லை, கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளைப் பற்றிப் பேசினேன், குளிரைப் பற்றிப் பேசினேன், மை உறைவதைப் பற்றிப் பேசினேன். அன்சூரத் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"சுத்திச் சுத்தி வராதீங்க வாத்தியாரே. தலை சுத்துது. மரம்தானே?"

"நான் கேக்கலம்மா."

"கேக்கல, கேக்கல. பூனை பால்கிட்ட கேக்குமா?" கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். குரல் இறங்கியது. "எனக்குக் குடுக்க மனசில்லாம இல்ல. என்னுது இல்ல அது. அவன் வந்து வெட்டுவான்."

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"நம்பலையா? அந்த மரத்தைப் பாருங்க. எப்படி இருக்கு? ரெண்டு கோடை. யாரு தண்ணி விட்டா? சொல்லுங்க, நீங்க படிச்சவருதானே."

தண்ணீர் விட்டது யார் என்று எனக்குத் தெரியும். ஷாதி மண்வெட்டியோடு அந்த மடையைத் திறப்பதை இரண்டு மூன்று காலை வேளைகளில் பார்த்திருக்கிறேன். மலைக்காரர்கள் திரும்பமாட்டார்கள், மரம் தனக்குத்தான் என்று வளர்க்கிறான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மற்றவர்களைப் பற்றி மட்டமாக நினைப்பதில் நான் அதிகம் தவறியதில்லை. அந்த ஒரு தடவை தவறினேன்.

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஷாதியைச் சொல்லவைக்கலாம் என்று நினைத்தேன். பொய்யான நம்பிக்கையில் வாழ்வதைவிட உண்மையோடு வாழ்வது மேல் என்று பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வாக்கியம் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. அதை எழுதினவர்களில் யாருக்கும் இருபத்துநான்கு உத்தரம் தேவைப்பட்டிருக்காது.

ஷாதி ஆட்டுக்கொட்டிலில் இருந்தான்.

"ஷாதி, நீதான் அந்த மரத்துக்குத் தண்ணி விட்டேன்னு அவகிட்டச் சொல்லிடு."

"அவங்களுக்குத் தெரியும் வாத்தியாரே."

"என்ன தெரியும்?"

"தெரியும். தெரிஞ்சுதான் வாராவாரம் ரொட்டி குடுக்கறாங்க."

எனக்கு அது புரியவில்லை. புரியாததை நின்று யோசிக்கவுமில்லை. "அப்ப வந்து அவகிட்ட ஒரு வார்த்தை பேசு. நீ சொன்னாக் கேப்பா. மழைக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு," என்றேன்.

ரொம்ப நேரம் ஆட்டின் காதைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு, "நானே கேக்கணும்னுதான் இருந்தேன்," என்று சொல்லி என்னோடு வந்தான்.

அன்சூரத் கொல்லையில்தான் இருந்தாள். மரவரிசையின் கடைசியில் ஓடைக்கரையில் புதினா மண்டிக் கிடக்கும். தேநீருக்குப் பறித்துக்கொண்டிருந்தாள். பகல் பத்து மணி இருக்கும், நல்ல வெயில்.

ஷாதி தொப்பியைக் கழற்றினான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பள்ளிக்கூடத்துக்கு மரத்தைக் குடுத்துடுங்க. புள்ளைங்க அவன் பேரைச் சொல்லும். ஆனா இந்தக் கடைசி மூணை மட்டும் வெட்ட வேணாம். இதுங்க நிக்கட்டும்."

"ஏன், இந்த மூணுக்கு என்ன?"

"அக்கா." அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இங்க வேரைத் தோண்டினா நல்லாருக்காது. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கு என்ன தெரியும்?"

"நீங்கதானே வியாழக்கிழமை ரொட்டி குடுக்கறீங்க."

அப்போது எனக்குப் புரிந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் இறந்தவர்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் ரொட்டி அவர்களுக்குப் போய்ச் சேரும். அந்தக் கிழமையில், அந்த நேரத்தில், சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிடு என்று ஒரு தாய் ரொட்டி கொடுத்தால் கேட்பவன் வேறு என்ன நினைப்பான்? தெரிந்துகொண்டுவிட்டாள், வாய்விட்டுச் சொல்லாமல் இப்படிச் சொல்கிறாள் என்று ஷாதி ஒரு வருடத்துக்கும் மேல் நினைத்திருக்கிறான். ஒவ்வொரு ரொட்டியையும் அந்தப் புதினாப் பாத்திக்கருகே உட்கார்ந்து, தெரிந்ததை ஓதி, தன் பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுத்திருக்கிறான்.

அன்சூரத்தின் கையிலிருந்த புதினா கீழே விழவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"வியாழக்கிழமை என் அடுப்பு முறைடா," என்றாள். "அடுப்பு முறை."

ஷாதி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் கத்தவில்லை. நின்றபடியே ஒவ்வொன்றாகக் கேட்டாள், மளிகைக் கடையில் சாமான் கேட்பது போல.

"எப்ப?"

"நீங்க போன அன்னிக்கே. விடிஞ்சும் விடியாம."

"மாட்டை அவுத்தானா?"

"அவுத்துட்டான். மாடு எங்க கொல்லைக்கு ஓடி வந்துடுச்சு. அந்தக் குளிர்காலத்துல நாங்க... அடிச்சுத் தின்னுட்டோம்."

"அப்புறம்?"

"எங்க ஆளுங்க வண்டி வந்துடுச்சு. அவன் இந்த மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சான். ஒரு சாண் மரம் அக்கா. அதுக்குப் பின்னாடி யாரு ஒளிய முடியும்?"

"நீ எங்க இருந்த?"

"சுவருக்கு இந்தப் பக்கம்."

"கூப்பிட்டானா?"

தலைக்குமேல் ஒரு காகம் கத்திக்கொண்டு போனது. "ஷாதி சித்தப்பான்னு ரெண்டு தடவை. நான் கதவைத் திறக்கல."

அவள், "பொதைக்கும்போது முகத்தைத் தொழுகிற கிப்லா பக்கம் திருப்பி வச்சியா?" என்று கேட்டாள்.

"வச்சேன். தொழுகைக்கு வேற ஆளு இல்ல. நான் ஒருத்தன்தான். பாதி எனக்கு மறந்துபோச்சு."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் அன்னிக்குக் கதவைத் தூக்கிட்டு வந்தேன். சுவரு எங்கன்னு கேட்டீங்க. வாய் வரல. அப்புறம் ரொட்டி குடுக்க ஆரம்பிச்சீங்க. தெரிஞ்சுபோச்சு, மன்னிச்சுட்டீங்கன்னு..."

"மன்னிச்சேன்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

அன்சூரத் கையை விரித்துப் பார்த்தாள். கசங்கிய புதினா உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. "இந்த வருஷம் முழுக்க இங்கதான் பறிச்சேன்," என்று என்னிடம் சொன்னாள். ஏதோ நான் அதற்குப் பதில் வைத்திருப்பவன் போல. பிறகு வீட்டுக்குள் போய் நீலக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுட்டது யார் என்று அன்றும் அவள் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஷாதி சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன்.

மூன்று நாள் துக்கம் காத்தாள். மலைக்காரர்களும் எங்கள் ஆட்களும் போனோம். எங்கள் பெண்கள் வாசல்வரை போய்த் தயங்கி நின்றார்கள். அவள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஷாதி வரவில்லை. மனைவியை அனுப்பினான்.

நான்காம் நாள் காலையில் அவள் பள்ளிக்கூடச் சுவருக்கு வந்தாள். ரயீஸிடம், "ஆளுங்களைக் கூப்பிடுங்க. என் வீட்டு ஹஷர். நான்தான் கூப்பிடறேன்," என்றாள். ரயீஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "துக்கம் கேட்டாச்சுல்ல? போதும். இருபத்துநாலு. கடைசி மூணு கிடையாது."

ஊரே கூடிவிட்டது. ஹஷர் கூப்பிட்டால் யாரும் வராமலிருக்கக் கூடாது. ஷாதியும் வந்தான், எல்லோருக்கும் பின்னால் நின்றான். முதல் வெட்டு யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளை வெட்ட வேண்டிய மரம். ஸரீஃப் கொத்தனார் கோடரியை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்சூரத் கோடரியை வாங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷாதியிடம் போனாள்.

"தண்ணி விட்டவன் வெட்டட்டும்."

"அக்கா, என்னால முடியாது."

"வெட்டு."

அவன் வெட்டினான். அதில் மன்னிப்பு இருந்தது என்று ஊரில் பலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவள் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதில் அவனுக்கென்று எதுவும் இல்லை. மரம் சாயும்வரை அவள் நகரவில்லை. சாய்ந்ததும் அடுத்த மரத்தைக் காட்டினாள். மூன்றாவது மரத்தில் அவன் கோடரி குறி தப்ப ஆரம்பித்தது. மற்றவர்கள் கோடரியை வாங்கிக்கொண்டார்கள்.

இருபத்துநான்கு மரமும் உள்ளே வெள்ளையாக, ஒரு மக்கலும் இல்லாமல் இருந்தன. "இவ்வளவு நல்லாத் தண்ணி குடிச்ச மரத்தை நான் பாத்ததில்ல," என்று ஸரீஃப் சொன்னார். சொன்ன பிறகுதான் யார் முன்னால் சொல்கிறோம் என்று நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பட்டை உரித்து, காய்வதற்கு அதிக நாள் விடாமல், அக்டோபர் இருபத்தேழாம் தேதி உத்தரம் ஏற்றினோம். பச்சை மரம், கொஞ்சம் தொய்யும் என்றார் ஸரீஃப். தொய்ந்துதான் இருக்கிறது. தகடு அடித்து முடித்த நாளில் முற்றத்தில் பெரிய கொப்பரை வைத்துக் கேரட்டும் அரிசியும் இறைச்சியுமாக ஓஷ் சமைத்தோம். அது ஒரு வியாழக்கிழமை. அன்சூரத் தன் அடுப்பிலிருந்து ரொட்டிகளைக் கொண்டுவந்து விரிப்பில் அடுக்கினாள். ஒன்றைத் தனியாக எடுத்து, வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஷாதியின் முன்னால் நின்றாள்.

"நவ்ரூஸுக்கு," என்றாள்.

இறந்தவர் பெயரைச் சொல்லிக் கொடுப்பதுதான் முறை. அவள் அந்தப் பெயரை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஷாதி இரண்டு கையாலும் வாங்கினான். அவள் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள், அரிசி வேகவில்லை என்று குறையும் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தைப் பெருக்கும் வேலையை ரயீஸ் அவளுக்குக் கொடுத்தார். அடுத்த மார்ச்சில் வெயில் ஏற ஏற வகுப்பறை உத்தரத்தில் இரண்டு மூன்று இடத்தில் பச்சைத் துளிர் விட்டது. வெட்டின பாப்லரில் ஈரம் மிச்சமிருந்தால் அப்படி நடக்கும். பிள்ளைகள் காட்டிக் கூச்சல் போட்டார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. மரத்தைப் பார்த்து ஒரு தடவை ஏமாந்தவள். மறுநாள் காலை அவள் வருவதற்கு முன்பே போய், மேசைமேல் நாற்காலி போட்டு ஏறி எல்லாவற்றையும் கிள்ளிவிட்டேன். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

அவள் துடைப்பத்தோடு உள்ளே வந்து தரையைப் பார்த்தாள். நாற்காலியின் கீழே ஓர் இலை விழுந்திருந்தது, நகத்தளவு.

"இதைக் கிள்ளினது நீங்களா வாத்தியாரே?"

"ஆமாம்மா."

"விட்டிருக்கலாம். வெட்டின மரம் ஒரு மாசம் துளிர்க்கும், அப்புறம் தானா நின்னுடும்னு எனக்குத் தெரியாதா?" துடைப்பத்தை ஓங்கித் தட்டினாள். "படிச்சு என்ன பிரயோஜனம்? அன்னிக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். இன்னிக்குக் கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

அவள் சொன்னது சரி. நான் இறங்கி மேசையை அதன் இடத்துக்கு நகர்த்தினேன். அன்சூரத் கடைசி வரிசையிலிருந்து பெருக்க ஆரம்பித்தாள்; கதவருகே வந்ததும் அந்த இலையையும் குப்பையோடு சேர்த்து முறத்தில் அள்ளிக்கொண்டு வெளியே போனாள்.